மருந்தின் நான்காம் கூறு

 

ஆண்டு விழா மலருக்கு எழுத அமர்வோர் தமிழின் தொன்மையையும் நம் பிள்ளைகளின் ஆர்வத்தையும் போற்றி எழுதுவது மரபு. அப்பணியை இம்மலரின் பிற பக்கங்கள் செவ்வனே செய்யும் என்னும் நம்பிக்கையில், நாம் இவ்வாண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். வீட்டில் நோயுற்றவரையோ முதுமையால் தளர்ந்தவரையோ பேணிக் காக்கும் ஒருவர் தம் மனநலத்தை எவ்வாறு காத்துக்கொள்வது என்பதே அது. விழா நாளில் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். விழாவிற்கு வர இயலாமல் வீட்டில் இருப்பவர்களைப் பற்றி விழா மலரில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

திருக்குறளில் ‘மருந்து’ 95ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து என்னும் மூன்றையும் கூறிவிட்டு, நான்காவதாக அருகிலிருந்து பேணுபவரை வைக்கிறார். அவருக்கு வள்ளுவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று வேண்டுவன செய்பவர் என்பது பொருள். (வகுப்பில் மாணவர்கள் இச்சொல்லுக்கு ‘உழைப்பவர்’ என்று பொருள் எழுதினால், மதிப்பெண்ணைக் குறைத்தாலும் மனத்திற்குள் பாராட்டலாம்.) பரிமேலழகர் ஒரு படி மேலே சென்று, இந்த நான்காமவருக்கு வேண்டிய பண்புகளையும் அடுக்குகிறார்: நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் வன்மை, அறிவு. இத்தனையும் உடையவர் எப்போது உறங்குவார் என்பது மட்டும் உரையில் இல்லை.

நியூ ஜெர்சியில் வாழும் நம் குடும்பங்களில் இந்த நான்காமவர் யார்? நாம் பார்த்தவரையில் பெரும்பாலும் மருமகள். சில வீடுகளில் மகள். சில வீடுகளில் மனைவியைப் பேணும் ஓய்வு பெற்ற கணவர். ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோரையும் இவ்வரிசையில் சேர்க்க வேண்டும். அவர்களுடைய பணிக்கு முடிவாண்டு என்று ஒன்று இல்லை. அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஏ.ஏ.ஆர்.பி. அமைப்பும் பேணுவோருக்கான தேசியக் கூட்டமைப்பும் 2025இல் வெளியிட்ட அறிக்கை, இவ்வாறு பேணுவோர் 6 கோடியே 30 இலட்சம் பேர் என்கிறது. வயது வந்தோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர். நம் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் கார்களை எண்ணி நான்கால் வகுத்தால் கணக்கு விளங்கும்.

அவர்களுள் ஒருவரின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மறதி நோய் கண்ட மாமியார் இரவு 2 மணிக்கு எழுந்து, “ஊருக்குப் போகணும், பெட்டியை எடு” என்று வாயிற்கதவைத் திறக்க முயல்கிறார். அமைதிப்படுத்திப் படுக்க வைக்க 3 மணி ஆகிறது. காலை 7 மணிக்குப் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்ற வேண்டும். 9 மணிக்கு அலுவலகக் கூட்டம். நண்பகலில் மாமியாருக்கு இன்சுலின். மாலையில் மருந்துக் கடை. இரவில் மீண்டும் பெட்டி. நான்சி மேஸ், பீட்டர் ரேபின்ஸ் என்னும் இருவர் மறதி நோயாளிகளைப் பேணுவோருக்காக எழுதி 1981இல் வெளியிட்ட நூலுக்கு ‘36 மணி நேர நாள்’ என்றே பெயரிட்டனர். தலைப்பை விளக்க அவர்கள் முன்னுரை எழுத வேண்டிய தேவையே இருந்திராது.

இப்படிப்பட்டவரைக் காணும்போது நாம் என்ன செய்கிறோம்? பாராட்டுகிறோம். “உன்னைப் போல மருமகள் கிடைக்க உன் அத்தை புண்ணியம் செய்திருக்க வேண்டும்” என்கிறோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அச்சொல்லைக் கேட்ட பின் அவர் ‘என்னால் முடியவில்லை’ என்று எப்படிச் சொல்வார்? வாய் திறந்தால் புண்ணியத்தில் குறை வந்துவிடும். மேடையில் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டால் அவர் மேலும் ஆறு மாதம் வாய் திறவார். நாம் சொல்ல வந்த கருத்து இதுதான்: பேணுவோருக்கு நம் சமூகம் இதுவரை புகழை வாரி வழங்கி வந்திருக்கிறது. அவர்களுக்குத் தேவைப்படுவது நேரம். கடிகாரத்தில் பார்த்து எண்ணக்கூடிய, தமக்கென்று உரிய மணிகள்.

இதனை உணர்ச்சிப் பேச்சாகக் கொள்ள வேண்டா. அறிவியல் சான்று உண்டு. 1995இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோய் கண்ட உறவினரைப் பேணி வந்த 13 பெண்களையும், அவ்வாறான பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் கையிலும் ஒரே அளவில் ஒரு சிறு காயம் உண்டாக்கி, அது ஆறும் நாள்களைக் கணக்கிட்டனர். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறிய காயம், பேணுவோருக்கு ஆற ஏறத்தாழ 49 நாள் ஆயிற்று. மனத்தின் களைப்பு தோலில் கூடத் தெரிகிறது! 1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் ஆகிய இருவர், வாழ்க்கைத் துணையைப் பேணிய முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதினர். பேணும் பணியால் அழுத்தம் அடைந்தவர்களுக்கு, அப்பணியில் இல்லாதவர்களைவிட இறக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இச்செய்தியைப் படித்து அஞ்சுவோர் அதே ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும்: பேணியும் அழுத்தம் அடையாதவர்களுக்கு அவ்வாறு கூடவில்லை. 2013இல் வந்த மற்றோர் ஆய்வில், பேணுவோர் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதாகவே தெரிய வந்தது. ஆகவே, அன்பு செய்வதால் ஆயுள் குறைவதில்லை. ஓய்வின்றி, மாற்று ஆள் இன்றி, தனியே செய்யும்போதுதான் கேடு விளைகிறது.

அக்கேடு நம் வீடுகளில் எவ்வாறு தொடங்குகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பெரும்பாலும் ‘மனம் சரியில்லை’ என்று எவரும் வந்து சொல்வதில்லை. தலைவலி என்பார், முதுகு வலி என்பார். மாமனாரின் மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுப்பவர் தம் இரத்த அழுத்த மாத்திரையை மறப்பார். தம் பல் வலியை அடுத்த மாதத்திற்குத் தள்ளுவார். சிறு தவறுக்குப் பிள்ளையிடம் சீறுவார். பிறகு அதற்காக அழுவார். கொலுவுக்கும் கோயிலுக்கும் வருவதை நிறுத்திக்கொள்வார். ‘பாவம், அவருக்கு வேலை’ என்று நாமும் அழைப்பதை நிறுத்திக்கொள்வோம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓர் எண்ணம் வந்து போகும்: ‘இது எப்போது முடியும்?’ அந்த எண்ணம் வந்த மறுகணமே, பெரியவர் இறக்க வேண்டும் என்று விரும்பிவிட்டோமே என்னும் குற்ற உணர்வு வரும். எவரிடமும் சொல்ல முடியாத இந்த இரண்டாம் வேதனை முதல் வேதனையைவிடக் கொடியது. களைத்தவர் ஓய்வை விரும்புவது இயல்பு. அதற்கும் பெரியவர் மீதுள்ள அன்புக்கும் பகை இல்லை. இதனைக் கணவரோ உடன்பிறந்தாரோ ஒரு முறையேனும் வாய்விட்டுச் சொன்னால், கேட்பவருக்குப் பாதிச் சுமை இறங்கும். வாய்ப்புக் கிடைத்தும் உறக்கம் வராமை, இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் சோர்வு, எதிலும் விருப்பமின்மை ஆகியவை கண்டால் குடும்ப மருத்துவரிடம் சென்றே ஆக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தோன்றினால் மருத்துவர் நாள் கொடுக்கும்வரை காத்திருத்தல் கூடாது. 2022 ஜூலை முதல் இந்நாடு முழுவதும் 988 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

‘ஊரில் இருந்தால் இந்தத் துன்பமே இல்லை, கூட்டுக் குடும்பம் தாங்கிக்கொள்ளும்’ என்று சிலர் கூறக் கேட்கிறோம். இதில் பாதி உண்மை உண்டு. ஊரில் கடமை ஒருவருடையது என்றாலும் கைகள் பல. சித்தி வருவார், எதிர்வீட்டு அம்மா சற்று நேரம் உட்கார்ந்திருப்பார், வேலைக்கார அம்மாள் அரிசி களைந்து வைப்பார். நாம் கடமையை மட்டும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம். அந்தக் கைகள் ஊரிலேயே தங்கிவிட்டன. ஆனால் மறுபாதியையும் கூற வேண்டும். ஊரிலும் பேணுவோர் களைத்துப் போகிறார்கள் என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுநாள் முன்பே கண்டறிந்துள்ளனர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவரும் 2021இல் மறைந்தவருமான டாக்டர் சாரதா மேனன், 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் டாக்டர் தாராவும் உடன் பணியாற்றியோரும், நோயாளியைப் பேணும் குடும்பத்தாரின் சுமையை அளப்பதற்கென்றே 40 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கி 1998இல் வெளியிட்டனர். பேணுபவரின் உடல்நலம், மனநலம், அன்றாட வேலைகள், வெளியிலிருந்து கிடைக்கும் உதவி எனப் பலவற்றையும் அது கேட்கிறது. சுமையை அளக்கச் சென்னையிலேயே கோல் தேவைப்பட்டது என்றால், ஊரில் சுமையே இல்லை என்று எங்ஙனம் கூறுவது?

இன்னும் பின்னோக்கிச் சென்றால் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றிருந்த டாக்டர் வித்யா சாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தார். மனநோயாளிகளைச் சுவருக்குள் அடைத்து உறவினரை வெளியே நிறுத்துவதே உலக வழக்கமாக இருந்த காலம் அது. அவரோ உறவினரை உள்ளே அழைத்து, நோய் என்ன, நோயாளியிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்று அவர்களுடன் அமர்ந்து பேசினார். நம் வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. வள்ளுவர் சொன்ன நான்காம் கூறுக்கு மருத்துவமனைக்குள்ளேயே இடம் தந்த செயல்கள் இவை. கூடாரத்தில் தங்கிய ஒரு குடும்பம் தன்னைப் போன்ற மற்றொரு குடும்பத்தை அடுத்த கூடாரத்தில் கண்டது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. நமக்கு மட்டுமே நேர்ந்தது என்னும் தனிமை அங்கே இருந்திராது.

கோவாவில் நடந்த ஆய்வொன்றும் நமக்குப் பயன்படும். டாக்டர் அமித் டயஸ் குழுவினர், மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்டது அது. குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்றவர்கள் பெரும் பட்டம் பெற்றவர்கள் அல்லர். சில நாள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறு மாத காலம் அவ்வப்போது வீட்டிற்குச் சென்று, நோயைப் பற்றி விளக்கி, பேணுபவரின் குறையைக் காது கொடுத்துக் கேட்டனர். தேவையான இடத்து மனநல மருத்துவரை அழைத்தனர். ஆறு மாத முடிவில் பேணுவோரின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. முறையாக வந்து போகும் ஒரு மனிதரால் இது நடந்தது.

இனி, நாம் வாழும் நாட்டின் சட்டத்தைச் சற்றுக் காண்போம். நம் வீடுகளில் பலருக்கும் இது தெரியாமல் இருப்பது வியப்பளிக்கிறது. 1993இல் இயற்றப்பட்ட குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின்படி, 50 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டு பணியாற்றித் தகுதி பெற்றவர், கடும் நோயுற்ற பெற்றோரையோ வாழ்க்கைத் துணையையோ பிள்ளையையோ பேண, ஆண்டுக்கு 12 வாரம் ஊதியமற்ற விடுப்புப் பெறலாம், வேலை போகாது. மருத்துவத் தேவை இருப்பின் அதனைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. வாரத்தில் ஒரு பிற்பகல் என்று பிரித்தும் எடுக்கலாம். ஆனால் இச்சட்டத்தில் ‘பெற்றோர்’ என்பதில் மாமனார், மாமியார் சேரமாட்டார்கள். மருமகளின் உழைப்பு இச்சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. மகனுக்கோ முழு உரிமை உண்டு! சட்டம் மகனைப் பார்த்து ‘உன் தாயைப் பேண நேரம் தருகிறேன்’ என்கிறது. நம் வீடுகளோ மருமகளைப் பார்க்கின்றன. எடிசனிலும் ஜெர்சி சிட்டியிலும் கணினி நிறுவனங்களில் பணிபுரியும் நம் தந்தையர், வாரம் ஒரு பிற்பகல் இவ்விடுப்பைக் கேட்டுப் பெற்றால் எத்தனை மணிகள் சேரும் என்று கணக்கிடுங்கள். மேலாளர் என்ன நினைப்பாரோ என்னும் அச்சம் புரிகிறது. எனினும் சட்டம் தந்த உரிமையைக் கேட்பதில் இழிவு இல்லை.

மாநிலச் சட்டங்கள் இதனினும் தாராளமானவை. நியூ ஜெர்சியில் 2009 முதல் குடும்ப விடுப்புக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. 2020 ஜூலை முதல் ஊதியத்தின் ஒரு பகுதியுடன் 12 வாரம் வரை பெறலாம். மாமனார், மாமியாரும் அதில் அடங்குவர். கலிஃபோர்னியா இதனை 2004லேயே தொடங்கி நாட்டிற்கு வழிகாட்டியது. 2014இல் மாமனார், மாமியாரையும் தாத்தா, பாட்டியையும் சேர்த்தது. விடுப்பு 8 வாரம். ஃபிரீமான்ட், சான் ஹோசே பகுதி நண்பர்கள் 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட குடும்பப் பேணுநர் கூட்டணியையும் நாடலாம். டெக்சாஸில் தனியார் நிறுவன ஊழியர்களுக்கு இத்தகைய மாநிலக் காப்பீட்டுத் திட்டம் இல்லை. ஆதலால் டாலஸ், ஹூஸ்டன் உறவினர்களுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டமே துணை. மெடிகேர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியிருப்போர் ஒன்று அறிக: குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் போன்ற நீண்ட காலப் பராமரிப்புக்கு அது பொதுவாகப் பணம் தருவதில்லை. இங்கு வேலை செய்து வரி கட்டியிராத பெற்றோர், கிரீன் கார்டுடன் ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகே அதனை விலை கொடுத்து வாங்கவும் முடியும். 2024 ஜூலையில் மெடிகேர் தொடங்கிய ‘கைட்’ என்னும் மறதி நோய்த் திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவ நிலையங்கள் வழியாக, தகுதியுள்ள குடும்பங்கள் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை மாற்று ஆள் உதவி பெற வழி உண்டு. எங்குத் தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோர் உதவி வழிகாட்டியின் 1-800-677-1116 என்னும் எண்ணை அழைத்தால் தம் கவுண்டியின் முதியோர் அலுவலகத்தைச் சொல்வார்கள்.

முதியோர் பகல்நேர நிலையங்களைப் பற்றி ஒரு சொல். எடிசன் சுற்றுவட்டாரத்தில் இந்திய உணவும் இந்திய மொழிகளும் உள்ள நிலையங்கள் இருக்கின்றன. ஆயினும் ‘அப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று நாலு பேர் பேசுவார்களே’ என்று தயங்குவோர் பலர். இரண்டு வயதுக் குழந்தையைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குச் செல்கிறோம். கைவிட்டதாக எவரும் பேசுவதில்லை. 82 வயதுப் பெரியவர் தம் வயதொத்தவர்களுடன் நான்கு மணி நேரம் சீட்டாடிவிட்டு வந்தால் மட்டும் குடும்ப மானம் எங்ஙனம் போகும்? அந்த நாலு பேர் யார் என்பதை நாமும் தேடிப் பார்த்துவிட்டோம். அவர்களுள் ஒருவரும் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

பெற்றோர் ஊரிலும் பிள்ளைகள் இங்கும் என்னும் நிலையில் உள்ள குடும்பங்கள் இன்னும் மிகுதி. திருச்சியில் தங்கை பார்த்துக்கொள்கிறார். இங்கிருந்து அண்ணன் பணம் அனுப்புகிறார், ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறார். பேச்சு எப்படிப் போகிறது? “அந்த டாக்டரிடம் காட்டினாயா? இந்த மருந்தை ஏன் நிறுத்தினாய்? சர்க்கரை ஏன் ஏறியது?” பிறகு மூன்று வார விடுமுறையில் சென்று, மருத்துவரை மாற்றி, மருந்தை மாற்றி, சமையற்காரரையும் மாற்றிவிட்டு விமானம் ஏறுகிறார். இது நமக்கு மட்டும் உரிய நோய் அன்று. தொலைவிலிருந்து திடீரென வந்திறங்கி, அதுவரை பேணியவரின் முடிவுகளையெல்லாம் புரட்டிப் போடும் உறவினரைப் பற்றி 1991இல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. ‘கலிஃபோர்னியா மகள்’ என்று அதற்குப் பெயர். கலிஃபோர்னியாவில் அவளையே ‘நியூயார்க் மகள்’ என்கிறார்களாம்! ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் அப்பாவின் சர்க்கரையைக் கேட்கும் முன், “நீ எப்படி இருக்கிறாய் அம்மா? இந்த வாரம் எத்தனை இரவு தூங்கினாய்?” என்று தங்கையைக் கேட்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். அந்த மூன்று வாரத்தில் எதையும் மாற்றாமல், தங்கையைக் குடும்பத்துடன் பத்து நாள் கொடைக்கானலுக்கு அனுப்பிவிட்டு, அவர் செய்யும் வேலையை அவர் செய்யும் முறையிலேயே செய்து பார்க்கலாம். அனுப்பிய பணத்தைவிட அந்தப் பத்து நாள் பெரிது.

மாணவச் செல்வங்களே, இனி உங்களிடம் பேச வேண்டியது ஒன்று உள்ளது. மறதி நோய் முற்ற முற்ற, பின்னாளில் கற்ற மொழி முன்னதாக நழுவிப் போவதைப் பல குடும்பங்களும் மருத்துவர்களும் கண்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அலுவல் பார்த்த தாத்தா, இறுதியில் தண்ணீர் வேண்டும் என்பதைத் தமிழில் மட்டுமே கேட்கக்கூடும். வீட்டுக்கு உதவிக்கு வரும் பணிப்பெண் எவ்வளவு நல்லவராயினும் அவருக்கு அது புரியாது. புரியாததால் தாத்தாவுக்குச் சினம். சினத்தால் பணிப்பெண்ணுக்கு அச்சம். ‘இவர் யாருடனும் இருக்கமாட்டார்’ என்ற முடிவுடன் உங்கள் அம்மாவே மீண்டும் உட்கார்ந்துவிடுகிறார். இந்த ஊரில் அவருடன் தமிழில் இரண்டு மணி நேரம் பேசக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் நீங்களும் இருக்கிறீர்கள். ‘தமிழ் படித்து என்ன பயன்?’ என்று வார இறுதிகளில் காரில் வரும்போது நீங்கள் கேட்பது எங்கள் காதிலும் விழுகிறது. பயன் இதோ அடுத்த தெருவில் இருக்கிறது.

உங்களைத் தூக்கவோ குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ எவரும் கேட்கலாகாது. பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் உங்களைத் தனியே விடுதலும் கூடாது. மருத்துவர் முன் நின்று மொழிபெயர்ப்பதும் உங்கள் வேலை அன்று. அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்களால் ஆவது உடன் அமர்ந்து பேசுதல். அதற்கும் சில முறைகள் உண்டு. ‘பாட்டி, நான் யார் சொல்லுங்கள் பார்க்கலாம்’ என்று தேர்வு வைக்காதீர்கள். ‘பாட்டி, நான்தான் எதிர்வீட்டுப் பிள்ளை’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் 1968இல் நடந்ததை இன்று காலை நடந்ததாகச் சொன்னால் திருத்த வேண்டா. பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பல்லாங்குழியின் விதியை அவர் இடையில் மாற்றினால் அந்த விதிப்படியே ஆடுங்கள். கேட்ட கதையையே ஐந்தாம் முறை கேட்க நேரும். வாய்ப்பாட்டையும் இலக்கணத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழகிய உங்களுக்கு அது இயலாத ஒன்றன்று.

நம் வகுப்பு வாரந்தோறும் இரண்டு மணி நேரம் நடக்கிறது. அவ்வேளையில் பெற்றோரிற் பலர் நடைக்கூடத்தில் காப்பி அருந்தியும் காரில் அமர்ந்தும் பொழுதைக் கழிக்கின்றனர். இந்த மணிகளைத் திரட்டலாம் என்பது நம் கருத்து. கருத்தரங்கு வேண்டா, சிறப்புப் பேச்சாளர் வேண்டா, பொன்னாடையும் வேண்டா. வகுப்பு நேரத்தில் இரு பெற்றோர், வகுப்பு முடிந்த பின் அவர்களுடன் உயர்நிலை மாணவர் ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு, பேணும் பொறுப்புள்ள ஒரு வீட்டிற்குச் சென்று இரண்டு மணி நேரம் பெரியவருடன் இருக்கலாம். அந்நேரத்தில் அவ்வீட்டுத் தாயோ தந்தையோ உறங்கலாம், நடக்கலாம், பல் மருத்துவரிடம் போகலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். எதற்காக என்று நாம் கேட்க வேண்டியதில்லை. மாணவர்களுக்கு அந்த மணிகளைத் தன்னார்வத் தொண்டு நேரமாகப் பள்ளி எழுதித் தரலாம். ஒரு வீட்டிற்கு ஒரே முகங்கள் தொடர்ந்து செல்வது நல்லது. பெரியவர்களுக்குப் புதுமுகம் அச்சம் தரும்.

வரும் பருவத்தின் முதல் வகுப்பு நாளன்று வரவேற்பு மேசையில் இரண்டு குறிப்பேடுகள் வைக்கப்படும். ஒன்றில் நேரம் தர முன்வருவோர் பெயரையும் கிழமையையும் எழுதலாம். மற்றொன்று நேரம் வேண்டுவோருக்கு. அதில் பெயர் எழுதக் கூச்சப்படுவோர் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதினால் போதும். மாலையில் அழைத்துப் பேசுவோம். இரண்டாம் ஏடு வெறுமையாக இருந்தால், நம் ஊரில் அப்படி எவரும் இல்லை என்று பொருள் கொள்ளமாட்டோம். நாமே ஒவ்வொரு வகுப்பாக வந்து கேட்போம்.